முதல் லாட் வேண்டாம்

உன் பெட்டியை அம்மா மூன்றாவது முறையாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பெங்களூரில் கிடைக்காத பொருள் எதுவும் இல்லை என்று நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஊறுகாய் பாட்டிலைப் பழைய பனியனில் சுற்றி உள்ளே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்புகிறாய்; திங்கட்கிழமை முதல் நீ ஒரு பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியர். வீட்டில் ஆளுக்கொரு வேலை: அம்மா வைக்கிறாள், நீ எடுக்கிறாய், நான் எழுதுகிறேன். வழக்கமாக நம் காஞ்சன்பாக் குடியிருப்புத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியோ, அதைக் கழுவுவதற்காக அமைத்த குழுவைப் பற்றியோ இரண்டு பக்கம் வேடிக்கையாக எழுதிக் கொடுப்பேன். இந்த ஆண்டு அந்த இரண்டு பக்கத்தில் இந்தக் கடிதம் வருகிறது. உனக்கு எழுதியதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று கோபம் வரும். படித்து முடித்த பிறகு கோபப்படு. அப்போது அதற்குக் காரணம் கூடுதலாகவே இருக்கும்.

சென்ற செவ்வாய்க்கிழமை உன் புத்தகத்தின் திருத்தப் பிரதியை என்னிடம் கொடுத்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாய். பெருந்தொற்றுக் காலத்தில் இந்த ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் தடுப்பூசியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்ற ஆய்வு. முதுகலையில் தொடங்கி, முனைவர் பட்டமாக வளர்ந்து, இப்போது கெட்டி அட்டைக்குக் காத்து நிற்கிறது. முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சமர்ப்பணம். தமிழில் சொன்னால், ‘எந்த அளவீட்டையும் ஒதுக்கித் தள்ளாதே என்று கற்றுத்தந்த அப்பாவுக்கு.’ நான் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தேன். நீ உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கிண்டல் செய்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் சவரம் செய்கிற முகம்தானே. உன் முகத்தில் அது இல்லை. நீ மனதாரத்தான் எழுதியிருந்தாய். பதினொரு படிவங்களை இந்த ஆய்விலிருந்து ஒதுக்கித் தள்ளச் சொன்னவன் நான், தள்ளியவன் நீ. நீ அதை மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. அந்தப் பதினொன்றும் புத்தகம் அச்சாகும் முன் உள்ளே திரும்ப வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

மலரைப் படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நான் முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில், க்யூ.சி.யில், இருந்தேன். புதிதாக ஒருவரிடமிருந்து ஒரு பாகம் வந்தால் அதன் முதல் லாட்டை, அதாவது முதலில் வந்த தொகுதியை, பொருத்துவதற்குக் கொடுக்க மாட்டோம். அறுப்போம், நசுக்குவோம், சூட்டிலும் குளிரிலும் வைத்துப் பார்ப்போம். நீ நான்காம் வகுப்பு படித்தபோது ஒரு லாட் ரப்பர் வளையங்கள் வந்தன. காகிதங்கள் எல்லாம் சரி. குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து அழுத்தினால் பிஸ்கட் போல உடைந்தன. நான் நிறுத்தினேன், பெரிய அதிகாரி வந்து தோளில் தட்டினார். தட்டிய இடத்தில் வீக்கம் இன்னும் இறங்கவில்லை என்று உன் அம்மா சொல்வாள். அதன் பிறகு அந்த விதி வீட்டுக்கும் வந்துவிட்டது. முதலில் வந்த மாடல் செல்போன் வேண்டாம், முதல் வாரத்தில் படம் வேண்டாம், சீசனின் முதல் மாம்பழம் வேண்டாம். கல்லிலிருந்து எடுத்த முதல் தோசையைக்கூட நான் தட்டில் வாங்கியதில்லை. அதை யார் சாப்பிட்டார்கள் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. உன் அம்மா சாப்பிட்டாள். இனி உன் வீட்டில் ஏதாவது விதி போடுகிறபோது, அதைப் போட்டவுடன் மிஞ்சுகிற தோசை யார் தட்டுக்குப் போகிறது என்று பார்த்துக்கொள். இது அறிவுரை. கடிதம் என்றால் ஓரிரண்டு இருக்கத்தான் செய்யும்.

தடுப்பூசி வந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் பால் பூத்திலும் பேட்மிண்டன் கோர்ட்டிலும் ஆட்கள் என்னைக் கேட்டார்கள். “க்யூ.சி. சார் என்ன சொல்றார்?” என்ற கேள்விக்கு நம் குடியிருப்பில் ஒரு மரியாதை இருந்தது. நான் சொன்னேன்: “முதல் லாட் வேண்டாம். ரெண்டு மூணு லாட் போகட்டும், பாத்துக்கலாம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல வாக்கியம், சுருக்கமாக இருக்கிறது, எந்த மொழியில் சொன்னாலும் உடைவதில்லை. அதில் ஒரே ஒரு குறைதான். முதல் லாட்டை நாங்கள் ஒதுக்குவது சோதித்துப் பார்க்க. சோதித்த பிறகு எடுத்துக்கொள்வோம். இந்த ஊசியைத் தொண்டர்கள் பல்லாயிரம் பேர் உடம்பில் வாங்கிச் சோதித்து முடித்திருந்தார்கள். அந்தச் சோதனை அறிக்கையை நீயே அச்செடுத்து என் மேசையில் வைத்தாய். நான் அதன் மேல் டீ டம்ளரை வைத்தேன். காகிதத்தைப் படிக்காமல் நான் முத்திரை குத்தியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அந்த முத்திரை ரப்பர் வளையத்தின் மேல் விழவில்லை, மனிதர்கள் மேல் விழுந்தது.

அந்தச் சமயம் உன் பல்கலைக்கழகம் சில வாரங்களுக்குத் திறந்திருந்தது. நீ கேள்விப் படிவங்களோடு முகக்கவசம் போட்டுக்கொண்டு அலைந்தாய். இணையத்தில் அனுப்பினால் ஒரே பையன் விடுதி முழுவதற்கும் நிரப்பிவிடுவான் என்று உன் வழிகாட்டிக்குச் சந்தேகம். அதனால் தாள்தான், பெயர் எழுத வேண்டாம், காரணத்தைச் சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். மத்தியானச் சாப்பாட்டின்போது நீ அவற்றைப் படித்துக் காட்டுவாய். விடுதிச் சாப்பாடு சாப்பிட்டுப் பிழைத்த உடம்பை எந்தக் கிருமியும் தொடாது என்று ஒருவன். இரண்டாவது வெர்ஷன் வரட்டும், முதலாவதில் பிழைகள் இருக்கும் என்று ஒரு கணினி மாணவன். பிள்ளை பிறக்காது என்று சித்தி அனுப்பிய வீடியோவைப் பார்த்த ஒருத்தி; அவள் படிப்பது உயிரியல். தேர்வு எழுதக் கட்டாயம் என்றால் போட்டுக்கொள்வேன், கட்டாயம் இல்லையென்றால் நண்பனைக் கேட்பேன் என்று இன்னொருவன். அந்த நண்பனின் படிவத்தில் இவனைக் கேட்பேன் என்று இருந்தது. பட்டான்செருவில் மருந்துக் கம்பெனிக்குள் பயிற்சிக்குப் போய்வந்த ஒரே ஒரு பார்மசி மாணவன், எவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தேன், போட்டுக்கொள்வேன் என்று எழுதியிருந்தான். அவனை வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை, அவன் அவர்கள் வகுப்பிலேயே படிக்கிறவன் என்பதால்.

“அப்பா, இவங்கல்லாம் யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸ்!” என்று நீ கொதித்தாய். “கேள்வி கேக்கறாங்க, நல்லதுதானே,” என்று நான் மோர் ஊற்றிக்கொண்டேன். “கேள்வி கேக்கலப்பா. யாராவது ஆன்சர் குடுத்தா எழுதிக்கறாங்க,” என்றாய். அது சரியான பேச்சு என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நீ நம் குடியிருப்பில் வெவ்வேறு கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளுக்கும் படிவம் கொடுத்தாய். மேல்மாடி தண்டபாணி சாரின் மகள் சுகன்யா, அப்போது சட்டம் இரண்டாம் ஆண்டு, ஸ்கூட்டர் சீட்டில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்ததை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன்.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரியும்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களில் நோயுள்ளவர்கள் டாக்டர் சான்றோடு போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்த மாதம், என் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, மூடிய கூடத்தில் வேலை, ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெளியே மேசை வேலை தருகிறேன் என்றார். வெளியே மேசை என்றால் வருகைப் பதிவேடும் விடுமுறை விண்ணப்பமும். எனக்கு அறிவியல் உடனே புரிந்துவிட்டது. மாணவர்கள் கட்டாயப்படுத்தினால்தான் போவார்கள் என்று கவலைப்படும் பெரியவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். ஆனால் நம் ஆஸ்பத்திரிக்குப் போனால் பால் பூத் முழுக்கத் தெரிந்துவிடும். முதல் லாட் வேண்டாம் என்றவர் முதல் வரிசையில் நிற்கிறார் என்பார்கள். ஆகவே ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, போலாரத்துக்குப் போனேன். ராணுவக் குடியிருப்புகளும் பழைய பங்களாக்களும் இருக்கிற அந்தப் பக்கத்தில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஊசி போட்ட நர்ஸம்மா முகவரியைப் படித்துவிட்டு, “இத்தா தூர் கைக்கு ஆயே அங்கிள்? உதர் தவாக்கானா நை க்யா?” என்று கேட்டார். இவ்வளவு தூரம் எதற்கு, உங்கள் பக்கம் ஆஸ்பத்திரியே இல்லையா என்பது நியாயமான கேள்வி. சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்றேன். வாசலில் கல்லூரி மாணவி ஒருத்தி, தொண்டர் அட்டை மாட்டிக்கொண்டு, அட்டையில் வெட்டிய பெரிய போட்டோ சட்டம் ஒன்றைப் பிடித்திருந்தாள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதற்குள் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் வேண்டாம் என்று, “நக்கோ” சொல்லிவிட்டு நடந்தேன். அவள் விடவில்லை. “மா காலேஜ்லோ எவரூ நம்மட்லேது அங்கிள்,” என்று பின்னாலேயே வந்தாள். எங்கள் கல்லூரியில் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், உங்களைப் போன்ற பெரியவர்கள் படத்தைக் காட்டினால் நம்புவார்கள் என்று தெலுங்கில் கெஞ்சினாள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். ஹெல்மெட்டுக்குள் முகத்தை வைக்க எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

மறுநாள் கை வலித்தது. பேட்மிண்டனில் பிடித்துக்கொண்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் தைலம் தேய்த்துவிட்டாள். அன்று சாயங்காலம் காய்கறிப் பையோடு படியேறும்போது தண்டபாணி சார் இறங்கி வந்தார். பொள்ளாச்சிக்காரர், ஸ்டோர்ஸ் பிரிவு, ஐம்பத்தாறு வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

“ஏனுங்க சார், டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாருங்க. நாளைக்குப் போயிட்டு வந்தர்லாமுங்களா? நீங்களும் வந்தீங்கன்னா கொஞ்சம் தெம்பா இருக்குமுங்க.”

பையை வலிக்காத கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னேன். “அவசரம் என்ன சார். முதல் லாட் போகட்டும்.”

“அப்பச் சரிங்க. நீங்க சொன்னீங்கன்னா காரணம் இருக்குமுங்க.” காகிதத்தை நான்காக மடித்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். ஒரு படிக்கட்டில் இரண்டு பேர் ஒதுங்கிக்கொள்ள ஆகும் நேரம். என்னால் அப்போது மூன்று வார்த்தை சொல்லியிருக்க முடியும்: ‘நான் போட்டுக்கொண்டேன், போங்கள்.’ நாலைந்து வார்த்தையே ஆகட்டும். நான் ஏன் சொல்லவில்லை என்று பல வருடமாக யோசித்திருக்கிறேன். பயமில்லை, கெட்ட எண்ணம் இல்லை. ஒரு நல்ல வாக்கியத்தின் சொந்தக்காரனாக இருந்தேன், அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. உனக்கும் இந்த வியாதி வரும் வேலையில்தான் நீ சேர்கிறாய். வகுப்பில் நீ சொல்லும் நல்ல வாக்கியங்களைப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அவற்றில் ஒன்று தவறு என்று உனக்குத் தெரிகிற நாளில், மறுநாள் வகுப்பின் முதல் நிமிடத்தில் சொல்லிவிடு. இரண்டாவது நிமிடத்துக்கு விட்டால் வருடக்கணக்கில் நீளும். எனக்கு நீண்டது.

அடுத்த மாதம் இரண்டாம் அலை வந்தது. தண்டபாணி சாருக்குக் காய்ச்சல். சுகன்யா ஒரு கையில் போனும் ஒரு கையில் ஆக்சிஜன் அளக்கும் கருவியுமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கேட்டாள். நீயும் அவளுக்காக எண்களைச் சுழற்றிக்கொண்டே இருந்தாய். படுக்கை கிடைத்து அவர் சேர்ந்த மூன்றாம் நாள் எனக்கு இரண்டாவது ஊசி. போலாரத்துக்குப் போனேன். ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுத்தான். ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். உடலை வீட்டுக்குத் தரவில்லை. நான் மயானத்தின் கேட் அருகில் நின்றேன். கூட வந்து நில்லுங்கள் என்று சுகன்யா கூப்பிட்டாள், நின்றேன்.

ஜூன் மாதம் உன் அம்மா சாதத்தைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: “நான் ஏப்ரல்லயே போட்டுக்கிட்டேன். கீழ் வீட்டு ரெட்டி அம்மாகூடப் போனேன். உங்ககிட்டச் சொன்னா லாட்டு கீட்டுன்னு ஆரம்பிப்பீங்கன்னு சொல்லல.” நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஒரே வீட்டில் கணவனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவனும் ஊசி போட்டுக்கொண்டு, இருவரும் ஊசி வேண்டாம் என்ற ஒரு கொள்கையைக் காப்பாற்றி வந்திருக்கிறோம். அதில் பாதிக்குத்தான் நீ சிரித்தாய். மீதிப் பாதியை நான் அன்றைக்கே போட்டு உடைத்திருக்கலாம். ரசம் கேட்டேன்.

ஜூலையில் நீ படிவங்களைத் தரையில் பரப்பி வகை பிரித்தாய். என்னைக் கூப்பிட்டாய். “அப்பா, இதப் பாருங்க. ஹிந்தி, தெலுங்கு, இங்கிலீஷ். லாங்வேஜ்தான் வேற, டயலாக் ஒண்ணுதான்.” பதினொரு தாள்கள். ‘பஹலா லாட் நக்கோ.’ ‘ஃபர்ஸ்ட் லாட் வத்து.’ மூன்றாவது லாட்டுக்குக் காத்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் நான்கு. யார் சொல்லி இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்ற கேள்விக்கு எதிரே, பதினொன்றிலும், க்யூ.சி. அங்கிள். அழகான கையெழுத்தில், கோணல் கையெழுத்தில், பச்சை மையில். நம் குடியிருப்பில் எனக்கு இத்தனை மாணவர்கள் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

“க்யூ.சி. அங்கிள் யாருப்பா?” என்று கேட்டாய். தெரியாமல் கேட்கவில்லை.

நான் கண்ணாடியைத் துடைத்தேன். “எல்லாம் ஒரே காலனிப் பசங்க. ஒரே எடத்துல குவிஞ்சிருக்கு. சேத்தா மொத்தக் கணக்கும் ஒரு பக்கம் சாஞ்சிடும். எடுத்துடு.”

“எடுத்துடவா?”

“எடுத்துடு.”

காரணம் கேட்க அறிவியல் போல இருந்தது. உன் வழிகாட்டியும் ஏற்றுக்கொண்டார். நீ ஏற்றுக்கொண்டது அறிவியலுக்காக இல்லை. மூன்று மாதத்துக்கு முன் நண்பனைப் பறிகொடுத்த அப்பாவை நிமிர்ந்து பார்க்க உனக்குக் கஷ்டமாக இருந்தது. என் மேல் வைத்த இரக்கத்தை உன் ஆய்வின் ஒரு ஓரத்தில் மறைத்தாய், பிறகு மறைத்ததையும் மறந்தாய். அன்பினால் செய்த தவறுக்குத் தனிச் சலுகை உண்டு என்று நினைக்காதே. குளிர்ப்பெட்டி அதைக் கேட்காது. புத்தகத்தில் அது ஒரு அடிக்குறிப்பாக இருக்கிறது: ஒரே இடத்தில் குவிந்திருந்ததால் சில படிவங்கள் நீக்கப்பட்டன. கடைசி அத்தியாயத்தில் உன் முடிவு இருக்கிறது: மாணவர்களின் தயக்கத்துக்குக் காரணம் கைப்பேசியும் நண்பர்களும்தான், வீட்டுப் பெரியவர்களின் சொல்லுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. இளைஞர்கள்தான் பொறுப்பில்லாமல் இருந்தார்கள் என்று மேடைக்கு மேடை சொல்ல இனி இந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டுவார்கள். என் சொல் கேட்டுக் காத்திருந்த பிள்ளைகள் மேல் என் மகனே அதை எழுதி, அதை எனக்கே சமர்ப்பித்திருக்கிறான்.

அந்தப் படிவங்கள் உன்னிடம் இல்லை. பழைய பேப்பரோடு போய்விட்டதாக நினைத்திருப்பாய். எங்கள் பிரிவில் தள்ளுபடியான பொருளைத் தூக்கி எறிய மாட்டோம். சிவப்பு அட்டை கட்டிக் கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைப்போம், என்றைக்காவது ஒருவர் வந்து ஏன் தள்ளினாய் என்று கேட்டால் எடுத்துக் காட்ட. முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை அதையே செய்தது. நீ ஒதுக்கிய தாள்களை எடுத்து, என் ஓய்வூதியக் காகிதங்களுக்கு அடியில் வைத்தேன். கேட்க யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை உன் சமர்ப்பணம் வந்து கேட்டது.

உன் அம்மாவிடம் முதலில் சொன்னேன். நீ நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வெளியே போயிருந்தாய். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. போலாரம், படிக்கட்டு, தைலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தைலம் நல்லாத் தேச்சு விட்டேன் இல்ல?” என்றாள். பிறகு, “மேல போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் சாப்பாடு,” என்றாள்.

போனேன். தண்டபாணி சாரின் மனைவி, “உக்காருங்க சார், காபி போடட்டுங்களா?” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே சொன்னேன். அவர் தூணைப் பிடித்தது போல நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “அவரு உங்க பேச்சுக்கு மறுபேச்சுப் பேச மாட்டாருங்களே சார்,” என்று மட்டும் சொன்னார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அவரைப் பற்றி விசாரிக்க வந்த யாரோ ஒருவருக்குப் பதில் சொல்வது போல இருந்தது.

சுகன்யா இப்போது நகர நீதிமன்றத்தில் வக்கீல். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். டாக்டர் சான்று அதில் இருந்தது, நான்கு மடிப்போடு. “உங்க சர்டிபிகேட் காட்டுங்க அங்கிள். போன்ல இருக்கும்ல.” காட்டினேன். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“நீங்க போட்டுக்கிட்டது சனிக்கிழமை. அப்பா உங்களைப் படியில கேட்டது ஞாயித்துக்கிழமை.”

“ஆமாம்.”

“அப்ப கை வலிச்சிட்டிருந்துதா?”

“வலிச்சுது,” என்றேன்.

அவள் சான்றை உறைக்குள் திரும்ப வைத்தாள். பிறகு, “உங்க பையன் குடுத்த ஃபார்ம்ல உங்க பேர்தான் எழுதினேன். அப்பா உங்ககிட்டக் கேட்டுட்டு வந்து என்கிட்டச் சொன்னார், நான் அதையே எழுதினேன். லா ஸ்டூடண்ட். ஒரு கேள்வி கேக்கல,” என்றாள். “அது புக்ல இருக்கா?”

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். ஆகவே, மகனே, நீ செய்தது அவளுக்குத் தெரியும். உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று போகவில்லை. பாதி உண்மையோடு அந்த வீட்டுக்குள் நிற்க முடியவில்லை.

“இதெல்லாம் எழுதிக் குடுங்க அங்கிள்,” என்றாள். “எனக்கு இல்ல. வருஷா வருஷம் மலர்ல உங்க காமெடி வருதே, அந்தப் பக்கத்துல போடுங்க. மத்த பத்துப் பேரும் இங்கதான் எங்கயாவது இருப்பாங்க. காத்திருந்தது தங்களோட தப்புதான்னு நெனச்சிட்டிருப்பாங்க. படிக்கட்டும்.” கதவு வரை வந்து, “என் ஃபார்ம் எனக்கு வேணும்,” என்றாள். கீழே வந்து பதினொன்றையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் மேலே போனேன். பச்சை மைக் கையெழுத்தை அவள் தன்னுடையது என்றாள். கொடுத்துவிட்டேன்.

இதை முதலில் உன் கையில்தான் தருகிறேன்; மலர் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் நீ உன் வழிகாட்டிக்கும் பதிப்பாளருக்கும் நீயே எழுதிவிடு: எந்தப் பதினொன்று, ஏன் நீக்கினாய், யார் சொல்லி. புத்தகம் தள்ளிப்போகும். கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுத வேண்டியிருக்கும். புதிய இடத்தில் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். வேலைக்கே கேள்வி வந்தாலும் வரலாம். வராது என்று நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை, ஒரு முறை உனக்கு எளிதான வழி சொன்ன ஆள் நான். நீ எழுதாவிட்டாலும் இது அச்சாகும். அப்போது உன் கதையை நான் சொன்னதாக ஆகும், நீ சொன்னதாக இருக்காது. சமர்ப்பணத்தை எடுத்துவிடு. அந்த இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லும் உரிமையை நான் வைத்துக்கொண்டதுதான் இத்தனைக்கும் காரணம்.

இந்தக் கடிதத்தை நேற்று சுகன்யாவிடம் படிக்கக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தாள். அன்றைக்கே அவர் போயிருந்தாலும் கையில் ஒரே ஒரு தவணைதான் இருந்திருக்கும், அதனால் பிழைத்திருப்பாரா என்று எவராலும் சொல்ல முடியாது என்று ஒரு பத்தி நிதானமாக எழுதியிருந்தேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. அவள் அந்தப் பத்தியை மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, “இது டாக்டர் சொல்லட்டும் அங்கிள், நீங்க சொல்ல வேணாம்,” என்றாள். அடித்தது அடித்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்துப் படிவங்களை உன் பெட்டியில், சான்றிதழ் கோப்புக்குள் வைத்திருக்கிறேன். அம்மா அதை மட்டும் எடுத்து அடுக்கவில்லை. பதினொன்றாவதை நான் கேட்டு வாங்கித் தர முடியாது, அது நீ நேரில் போய்க் கேட்க வேண்டியது. கொடுப்பாளா என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமையும் அவளுக்கு வேலை உண்டு. ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவாள். அதற்கு முன் மேலே போ.